உயிர்க்கோளக் காப்பகம்: ஆட்களை வெளியேற்றாமல் காட்டையும் கடலையும் காக்கும் முறை

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கரையோரமாகப் போனால் வேம்பார், ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் என்று ஊர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். விடியலில் நாட்டுப்படகுகள் கிளம்புகின்றன, மணலில் கருவாடு காய்கிறது, பெண்கள் பாசி எடுக்க இறங்குகிறார்கள். இந்தக் கடலும் அதை ஒட்டிய கரையும் சேர்ந்துதான் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். சுற்றி வேலி கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. காப்பகம் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வரும் சோதனைச் சாவடியும் 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' பலகையும் இதன் மிகச் சிறிய பகுதிக்கே பொருந்தும்.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றிலிருந்து உயிர்க்கோளக் காப்பகம் வேறுபடுவது இந்த இடத்தில்தான். மற்றவை ஓர் எல்லையைக் குறித்து, அதற்குள் மனிதர் என்ன செய்யக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகின்றன. உயிர்க்கோளக் காப்பகம் அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறது. காட்டுக்கு வெளியே பிழைப்பு இல்லாவிட்டால் காட்டுக்குள் பாதுகாப்பும் நிலைக்காது என்பது அதன் அடிப்படைக் கணக்கு.

இந்தக் கருத்து யுனெஸ்கோவிலிருந்து வந்தது. 1968இல் பாரிஸில் உயிர்க்கோளம் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து 1971இல் 'மனிதனும் உயிர்க்கோளமும்' என்ற திட்டம் தொடங்கியது. முதல் காப்பகங்கள் 1976இல் அறிவிக்கப்பட்டன. அப்போது பல நாடுகள் ஏற்கெனவே இருந்த தேசியப் பூங்காக்களுக்கு இந்தப் பெயரையும் சூட்டியதோடு நிறுத்திக்கொண்டன. சுற்றியிருந்த ஊர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்தத் தவறைத் திருத்தத்தான் 1995இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடி விதிமுறைகளை வகுத்தார்கள். அதன்படி ஒவ்வொரு காப்பகத்துக்கும் 3 கடமைகள் உண்டு: உயிரினங்களைக் காப்பது, அங்கே வாழும் மக்களின் வாழ்வாதாரத்தை இயற்கை தாங்கும் வழியில் வளர்ப்பது, இரண்டுக்கும் உதவும் ஆராய்ச்சியையும் கல்வியையும் நடத்துவது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வும் வந்தது. அதில் தேறாத இடங்களைப் பட்டியலிலிருந்து நீக்கலாம், நாடுகள் தாமாகவும் விலக்கிக்கொள்ளலாம். 2017இல் அமெரிக்கா மட்டும் 17 இடங்களை விலக்கிக்கொண்டது.

இந்தியாவில் இன்று 18 உயிர்க்கோளக் காப்பகங்கள் உள்ளன. முதலாவது நீலகிரி, 1986 செப்டம்பர் 1 அன்று அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடா 1989இலும் அகத்தியமலை 2001இலும் வந்தன. இந்த 18இல் 13 மட்டுமே யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் உள்ளன. மத்திய அரசு அறிவிப்பதும் யுனெஸ்கோ ஏற்பதும் தனித்தனிப் படிகள். நீலகிரி அறிவிக்கப்பட்டு 14 ஆண்டுகள் கழித்து, 2000இல்தான் உலகப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் நிலம் நம் அரசின் ஆளுகையில்தான் இருக்கிறது. 'யுனெஸ்கோ எடுத்துக்கொண்டுவிட்டது' என்று ஊர்களில் பரவும் பேச்சில் உண்மை இல்லை.

மூன்று மண்டலங்கள்

நடுவில் இருப்பது மையப் பகுதி. இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தே ஆகவேண்டும். மரம் வெட்டுவதோ, மேய்ப்பதோ, பொருள் சேகரிப்பதோ இங்கே கூடாது. கண்காணிப்பும், கெடுதல் செய்யாத ஆராய்ச்சியும் நடக்கலாம். அதைச் சுற்றி இடையகப் பகுதி. மையத்துக்குக் கேடு வராத வேலைகள் மட்டும் இங்கே நடக்கலாம்: கட்டுப்பாடான சுற்றுலா, சூழல் கல்வி, கெட்டுப்போன காட்டை மீட்கும் பணி, அளவோடு தேனும் நெல்லிக்காயும் எடுப்பது. வெளி வளையம் மாறுநிலை மண்டலம். ஊரும் வயலும் சந்தையும் பள்ளிக்கூடமும் இருக்கும் இடம் இது.

படத்தில் பார்த்தால் மூன்றும் முட்டையின் மஞ்சள் கரு, வெள்ளைக் கரு, ஓடு போல ஒழுங்காக இருக்கும். நிலத்தில் அப்படி இருக்காது. ஒரே காப்பகத்தில் மையப் பகுதிகள் பலவாகச் சிதறிக் கிடக்கலாம். மன்னார் வளைகுடாவில் 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காதான் மையம். அது 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் கோத்து நீண்டு கிடக்கிறது. நீலகிரிக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் பரவியது. அதில் மையம் சுமார் 1,240 சதுர கிலோமீட்டர். மீதி முழுவதும் ஏதோ ஒரு வகையில் மனிதர் புழங்கும் நிலம். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, முக்கூர்த்தி, அமைதிப் பள்ளத்தாக்கு எல்லாம் இந்த ஒரே காப்பகத்தின் துண்டுகள். மழை பொய்க்கும் மாதங்களில் முதுமலை யானை கபினி நீர்த்தேக்கத்தைத் தேடிப் போகும்போது மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. எல்லைகளால் பிரிந்து கிடக்கும் காட்டை ஒன்றாகப் பார்க்க ஒரு பெயராவது தேவைப்பட்டது.

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புலிகள் காப்பகத்துக்கும் 'மையம்', 'இடையகம்' என்ற பிரிவுகள் இருக்கின்றன. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரையப்பட்டவை. உயிர்க்கோளக் காப்பகத்தின் மையமும் இடையகமும் வேறு கோடுகள். ஒரே நிலத்தின்மேல் பல பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கலாம். வரையாடுகளுக்காகக் காக்கப்படும் முக்கூர்த்தி சட்டப்படி தேசியப் பூங்கா, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி, 2012 முதல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியக் களத்தின் பகுதியும்கூட. 'எங்கள் ஊர் இடையகப் பகுதியில் வருகிறது' என்று யாராவது சொன்னால், எதன் இடையகம் என்று முதலில் கேட்க வேண்டும். பதிலைப் பொறுத்து விதி மாறும்.

சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

இந்தியாவில் உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மையப் பகுதிக்குப் பல் கொடுப்பது 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இடையகத்தில் காப்புக்காடு இருந்தால் வனச் சட்டம். மாறுநிலை மண்டலத்தில் வழக்கமான வருவாய், ஊராட்சி, கட்டட, மீன்பிடி விதிகளே ஓடுகின்றன. அதாவது, இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று எந்த வளையத்தைச் சொல்கிறோமோ, அங்கேதான் 'காப்பகம்' என்ற சொல்லுக்குச் சட்ட வலு இல்லை. இதை நான் வெறும் குறையாகப் பார்க்கவில்லை. மக்கள் வாழும் ஊரில் வனத்துறையின் தடியை நீட்டுவது தீர்வாகாது. ஆனால் சட்டம் இல்லாத இடத்தை ஏற்பாடு நிரப்ப வேண்டும்: பணம், குழுக்கள், துறைகளுக்கு இடையே பேச்சு. அது நடக்காதபோது வெளி வளையம் வரைபடத்தில் ஒரு பச்சை நிறமாக மட்டும் மிஞ்சுகிறது.

மன்னார் வளைகுடா: அறிவிப்பு போதாமல் போன கதை

பல ஆண்டுகளாக இங்கே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் கொண்டுபோனார்கள். தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டு ஓர் அலைத்தடுப்பு. அலையின் வேகத்தை உடைத்து, தீவின் மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். திட்டைப் பெயர்த்ததும் அலை நேரே கரையில் மோதி மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய 2 தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21இல் அவையும் சேர்த்தி. 1986இல் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தபின்னும் வெட்டு தொடர்ந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு வந்து, காவலும் இறுகியபின்தான் அடங்கியது. தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, ஓட்டைகள் வைத்த கான்கிரீட் கட்டிகளைச் செயற்கைத் திட்டாகக் கடலில் இறக்க வேண்டி வந்தது. இயற்கை இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை இப்போது அரசுச் செலவில் நடக்கிறது.

காவல் இறுகியதும் வேறொரு பக்கம் வலித்தது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் சட்டம் மீறியவர்களாக ஆனார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்கள் எடுப்பது, அகார் எனப்படும் கடற்பாசிக் கூழ் தயாரிக்கும் தொழிலுக்குப் போகும். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து கையால் பறிப்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாசியின் அடி பாறையில் ஒட்டியிருக்கும்படி மேலே கிள்ளினால் மறுபடி தழைக்கும். இரும்புத் தகடால் சுரண்டினால் அடியோடு போய்விடும், பவளமும் உடையும். தடை வந்தபின் இந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடி விதி வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, சுரண்டும் கருவிகளை ஒதுக்குவது, விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் தாங்களும் ஓய்வு விடுவது. விதிமுறை நூலில் மாறுநிலை மண்டலத்துக்கு எழுதியிருப்பது இதைத்தான். அவர்களுக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

மாற்றுத் தொழில் என்று கொடுப்பதும் சில நேரம் சிக்கலாகும். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மிதவையில் வளர்க்கும் தொழில் இந்தக் கரைக்கு வந்தது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை, அதில் கயிறுகள், சுமார் 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் பல மடங்கு அறுவடை. வருமானம் உண்மையானது, குடும்பங்கள் நிமிர்ந்தன. ஆனால் இந்தப் பாசி ஒடிந்த துண்டிலிருந்தே முழுச் செடியாக வளரும். அலையில் ஒடிந்த துண்டுகள் குருசடைத் தீவின் பவளத்தில் ஒட்டிப் பாய்போல் படர்ந்தன. மேலே பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, அது செத்துவிடும். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்க நேர்ந்தது. விட்ட துண்டு மறுபடி தழைக்கும் என்பதால் ஒருமுறை எடுத்தால் முடிவதில்லை. மாற்றுத் தொழிலைத் தேர்வு செய்யும்போது விலையையும் விளைச்சலையும் பார்த்தவர்கள், 'இது தப்பித்தால் எங்கே போகும்' என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எந்தக் கோடும் தடுக்க முடியாத ஆபத்தும் உண்டு. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. சூட்டில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும். நிறமும் உணவும் அதோடு போய்விடும். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். இழுவை மடியால் கலங்காத, கழிவு சேராத இடத்துப் பவளம் மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். உள்ளூர்ப் பாதுகாப்பு அந்த வாய்ப்பைத்தான் கூட்டித் தருகிறது.

அகத்தியமலை: அறிவுக்கு விலை

இங்கே 3,500 சதுர கிலோமீட்டர் மலை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொது. 1987இல் கேரளப் பக்கம் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி ஏறுவதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990களில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த உலகின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

நடைமுறையில் இடறியது மருந்துக்குத் தேவையான இலை. செடி மர நிழலில், அதன் இயல்பான சூழலில் வளர்ந்தால்தான் மருந்துக் குணம் சரியாக இருக்கும் என்றார்கள். அந்த நிலம் வனத்துறையிடம். செடிக்குச் சந்தை வந்ததும் வேரோடு பிடுங்கிக் கடத்துவோரும் வந்தார்கள், வனத்துறை தடுத்தது, பயிரிட நினைத்த காணிக் குடும்பங்களும் அதில் அகப்பட்டன. ஒரு கை பங்கு கொடுக்க, இன்னொரு கை விளைபொருளைத் தடுத்த நிலை. ஒரு திட்டத்தில் தொடர்புள்ள துறைகள் முதல் நாளே ஒரே மேசையில் உட்காராவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் குவாத்தமாலாவைப் பார்க்கலாம். அங்கே 1990இல் மாயா உயிர்க்கோளக் காப்பகம் உருவானது, சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். இடையில் இருந்த பலபயன் மண்டலத்தைத் துண்டு துண்டாக ஊர்க் கூட்டமைப்புகளுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டார்கள். எண்ணிக் குறித்த மகாகனி மரங்களை மட்டும் வெட்டலாம், பூ அலங்காரத்துக்குப் போகும் சாட்டே பனையிலையை எடுக்கலாம், தீயையும் ஆக்கிரமிப்பையும் அவர்களே தடுக்க வேண்டும். ஊர்கள் நடத்தும் காட்டில் அழிவு மிகக் குறைவு. அதே காப்பகத்தின் மேற்கே, முழுத் தடை விதித்த லகுனா டெல் திக்ரே தேசியப் பூங்காவில் பெரும்பரப்பு மாட்டுப் பண்ணைகளாகிவிட்டது. ஊர்க்காரனுக்கு அந்தக் காட்டில் நாளைக்கும் வருமானம் உண்டு என்ற உறுதி ஒரு பக்கம், ஆள் இல்லாத காவல் மறுபக்கம்.

நீலகிரியில் இன்று நடப்பது

முதுமலைப் பக்கம் பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பச்சையில் பெரும்பங்கு உண்ணிச்செடி. அது மண்டினால் புல் வளராது. மான், காட்டெருமை, யானைக்குத் தீனி குறைந்து அவை வயலுக்கு இறங்கும். மேலே வெட்டினால் அது அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆணிவேரை மண்ணுக்குக் கீழே, துளிர்க்கும் கணுவுக்கும் அடியில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அடுத்த மழைகளில் முளைப்பதைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல் விதைத்தால்தான் வேலை முடிந்ததாகும். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், மூன்றாம் ஆண்டு அதே புதர் நிற்கும். வெட்டிய தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து நாற்காலியும் பெரிய யானைச் சிற்பங்களும் செய்கிறார்கள் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள். காட்டைச் சுத்தம் செய்வதே கூலியாகவும் விற்பனைப் பொருளாகவும் மாறுகிறது. உயிர்க்கோளக் காப்பகம் என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குத் தெரியவில்லை.

மேலே மலையுச்சியில் சிக்கல் வேறு. சோலையும் புல்வெளியும் கலந்த நிலத்தைத் தரிசு என்று எண்ணி, ஆங்கிலேயர் காலத்திலிருந்தே சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் நட்டார்கள். புல்வெளி மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி ஆண்டு முழுவதும் ஓடைக்குக் கசியவிடும். மரத்தோட்டம் அதைச் செய்யாது. மரம் இருந்தால் காடு என்ற எண்ணம் இங்கே தவறிப்போனது.

சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடம் மாறுநிலை மண்டலத்தின் நெருக்கடியை அப்படியே காட்டுகிறது. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகள் இரண்டும் நெருங்கும் இந்த ஒடுக்கமான வழியில் விடுதிகளும் மின்வேலிகளும் வந்தன. 2010இல் அரசு வழித்தடத்தை அறிவித்தது, வழக்கு நடந்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 10 ஆண்டுகள் கழித்து இடிப்பதைவிட, முதல் கட்டட அனுமதி கொடுக்கும்போதே ஊராட்சியின் கையில் வழித்தட வரைபடம் இருந்திருந்தால் எல்லோருக்கும் இழப்பு குறைந்திருக்கும். சுற்றுலாவுக்கும் இதே கதை. 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் பருவ நாட்களுக்கு உச்ச எண்ணிக்கையும் வைத்தார்கள்: வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு ஒரு எண் கிடைத்ததே சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால்தான்.

உங்கள் ஊர் இதற்குள் வந்தால்

முதலில் மாவட்ட வன அலுவலகத்தில் மண்டல வரைபடத்தைக் கேட்டு, உங்கள் புல எண் எதில் விழுகிறது என்று பாருங்கள். 'உயிர்க்கோளக் காப்பகம்' என்பதற்காக மட்டும் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. தடை ஏதாவது சொன்னால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். காப்பகத்துக்கு மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும். அதில் உங்கள் ஊருக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

காட்டுப் பொருளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு 2006இன் வன உரிமைச் சட்டம்தான் உறுதியான பிடி. தேன், நெல்லி, சீயக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் அது உரிமை தருகிறது. குடும்ப நிலத்துக்குப் படிவம் அ, ஊர்ப் பொது உரிமைகளுக்குப் படிவம் ஆ, ஊரே காட்டை நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் இ. பலர் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், ஆனால் தேனெடுக்கும் பாறையும் மேய்ச்சல் வழியும் இரண்டாவதில்தான் வரும். கோரிக்கையைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை. ஊர்ப் பெரியவரின் எழுத்துமூல வாக்குமூலமும், பழைய கல்லறை, கோயில், கிணறு போன்ற தடயங்களும் சான்றாகச் செல்லும். பழங்குடி அல்லாதோர் 2005 டிசம்பர் 13க்கு முன் 3 தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கில்தான் பல மனுக்கள் விழுகின்றன. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கட்டும்.